உலகக் கம்பனியா, பிராந்தியக் கம்பனியா? – வாசகர் கேள்வி பதில்

உயர்தர வணிகக் கல்வி மாணவி, உப்புவெளி: பல்தேசியக் கம்பனிகள் உலகம் முழுவதும் வியாபாரம் செய்பவை என்று என் குறிப்பில் இருக்கிறது. ரியூசன் ஆசிரியர், அவற்றில் பெரும்பாலானவை தங்கள் பிராந்தியத்துக்குள்ளேயே விற்கின்றன என்கிறார். எது சரி?

தங்கச்சி, ஆசிரியர் சொன்னதுதான் சரிக்குக் கிட்ட நிற்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் தொழில் நடத்தினால் அது பல்தேசியக் கம்பனி. இலங்கையிலும் மாலைதீவிலும் ஹோட்டல் நடத்துகிற கம்பனிக்கும் அந்தப் பெயர் பொருந்தும். "உலகம் முழுவதும்" என்பது வேறு கூற்று, அதை அளந்துதான் சொல்லவேண்டும்.

அப்படி அளந்தவர்கள் அலன் ரக்மன், அலன் வெர்பெக் என்ற இரு ஆய்வாளர்கள். உலகின் மிகப் பெரிய 500 கம்பனிகளின் 2001ஆம் ஆண்டு விற்பனைக் கணக்கை எடுத்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். உலகத்தை வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசிய பசுபிக் என்று மூன்று பிராந்தியங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். விற்பனையில் பாதிக்கு மேல் சொந்தப் பிராந்தியத்திலேயே நடந்தால் அது தாய்ப் பிராந்தியக் கம்பனி. மூன்றிலும் தலா 20 சதவீதமாவது விற்று, எந்த ஒன்றிலும் பாதியை எட்டாமல் இருந்தால் மட்டுமே உலகக் கம்பனி. நடுவில் இன்னும் இரண்டு வகை உண்டு: இரண்டு பிராந்தியங்களில் காலூன்றியவை, அந்நியப் பிராந்தியத்தில் பாதிக்கு மேல் விற்பவை.

பிராந்தியவாரிக் கணக்குக் கிடைத்து, வகைப்படுத்த முடிந்தவை 365 கம்பனிகள். அவற்றில் 320 தாய்ப் பிராந்தியக் கம்பனிகள், 25 இரு பிராந்தியக் கம்பனிகள். 11 கம்பனிகள் அந்நியப் பிராந்தியத்தில் சாய்ந்திருந்தன. ஜப்பானின் ஹொண்டா அந்தக் கூட்டம், அப்போது அதன் விற்பனையில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவில். உலகக் கம்பனி என்று தேறியவை ஒன்பதே ஒன்பது: ஐபிஎம், சொனி, பிலிப்ஸ், நொக்கியா, இன்டெல், கெனொன், கொக்கா கோலா, பிளெக்ஸ்ட்ரொனிக்ஸ், எல்விஎம்எச். அந்த 320 கம்பனிகளை மட்டும் பார்த்தால், சராசரியாக நூறு ரூபாவில் எண்பது ரூபா தாய்ப் பிராந்தியத்திலிருந்தே வந்திருக்கிறது.

காரணம் தூரம். இரண்டு நாடுகளுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால் வணிகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது பல காலத் தரவுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. கப்பற்கூலியைத் தூரத்தின் ஒரு பகுதியாக மட்டும் எடுங்கள். மொழி, சட்டம், தீர்வை, கடன் கொடுக்கும் வழக்கம், யாரை நம்பி முகவராக வைப்பது என்ற தெளிவு எல்லாமே தூரம்தான். புதிய ஊரில் கடை போடுகிறவர் முதல் ஆண்டு கட்டுகிற அறியாமைக் கட்டணத்தைக் கம்பனியும் கட்டுகிறது. பக்கத்து நாட்டில் அது குறைவு.

இந்த ஆய்வை அப்படியே வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். 20, 50 என்ற கோடுகள் ஆய்வாளர்கள் தெரிந்தெடுத்தவை. 20ஐப் பத்தாக இறக்கினால் உலகக் கம்பனிகளின் தொகை கூடும். மூன்று பிராந்தியங்களும் ஒரே அளவுச் சந்தைகளும் அல்ல. 2001க்குப் பிறகு சீனாவும் இந்தியாவும் வளர்ந்த வளர்ச்சியும் அந்தக் கணக்கில் இல்லை. விடையில் வரைவிலக்கணத்தையும் எண்களையும் எழுதி, கடைசியில் இந்தக் குறைகளையும் இரண்டு வரியில் எழுதுங்கள்.

வங்கி ஊழியர், திருகோணமலை நகர்: ஒரு கம்பனி உலகக் கம்பனியா பிராந்தியக் கம்பனியா என்று நானே கணக்குப் பார்க்க முடியுமா? ஆண்டறிக்கையில் எந்தப் பக்கம்?

முடியும். கணிப்பானும் அரை மணி நேரமும் போதும். முன்பக்கத்துப் படங்களையும் தலைவரின் செய்தியையும் தாண்டி, நிதிக்கூற்றுக்களுக்கான குறிப்புகளுக்குப் போங்கள். "செயற்பாட்டுத் துண்டங்கள்" (தொழிலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) என்று ஒரு குறிப்பு இருக்கும். சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 8, அதற்குச் சமமான எங்கள் நாட்டு எஸ்எல்எப்ஆர்எஸ் 8, இரண்டும் இதைக் கேட்கின்றன. தாய்நாட்டில் கிடைத்த வருமானம் எவ்வளவு, வெளிநாடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து எவ்வளவு என்று காட்டவேண்டும். தனியொரு நாட்டின் தொகை பெரிதாக இருந்தால் அந்த நாட்டைப் பிரித்துக் காட்டவேண்டும். கட்டிடம், இயந்திரம் போன்ற நடைமுறையல்லாச் சொத்துகளுக்கும் இதே விதி.

இலகுவான கணக்கொன்று: வோல்மார்ட். 2024 ஜனவரி 31இல் முடிந்த ஆண்டில் தேறிய விற்பனை 642.6 பில்லியன் டொலர். அமெரிக்கக் கடைகள் 441.8, அங்கேயே உள்ள சாம்ஸ் கிளப் 86.2, மற்றெல்லா நாடுகளும் சேர்ந்து 114.6. அதாவது நூற்றுக்கு 82 ஒரே நாட்டில். அந்த 114.6இலும் பெரும்பங்கு மெக்சிக்கோவும் கனடாவும்தான். உலகின் ஆகப் பெரிய சில்லறை வியாபாரி, அடிப்படையில் வட அமெரிக்கக் கடைக்காரர்.

இனிச் சிக்கலான ஒன்று: அப்பிள், 2023 நிதியாண்டு. மொத்தம் 383.3 பில்லியன் டொலர். அமெரிக்கக் கண்டங்கள் 162.6, ஐரோப்பா 94.3, சீனப் பகுதி 72.6, ஜப்பான் 24.3, ஏனைய ஆசிய பசுபிக் 29.6. கடைசி மூன்றையும் கூட்டினால் 126.5. பங்குகள் 42.4, 24.6, 33.0 சதவீதம். எதுவும் பாதியை எட்டவில்லை, எல்லாம் இருபதுக்கு மேல். உலகக் கம்பனி என்று எழுதத் தோன்றும்.

எழுதும் முன் துண்டத்தின் விளக்கத்தை வாசியுங்கள். அப்பிளின் "ஐரோப்பா"வுக்குள் இந்தியா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா மூன்றும் அடங்கும். சென்னையில் விற்ற போன் ஐரோப்பாக் கணக்கில் ஏறுகிறது. 383.3இன் இருபது சதவீதம் 76.7. 94.3இலிருந்து அதைக் கழித்தால் 17.6. ஆகவே அந்த மூன்று பகுதிகளின் விற்பனை 17.6 பில்லியனைத் தாண்டினால், உண்மையான ஐரோப்பா இருபதுக்குக் கீழே விழுந்து, உலகக் கம்பனி என்ற பட்டமும் போய்விடும். அந்தத் துண்டத்துக்குள் என்ன பிரிவு என்று அட்டவணை காட்டுவதில்லை. இப்படியான இடத்தில் "எல்லைக்கோட்டில்" என்று எழுதுவதே நேர்மை.

பிழை விடுகிற இன்னொரு இடம்: வருமானம், பொருளை வாங்கியவர் இருக்கும் நாட்டின்படி எழுதப்பட்டதா, பில் போட்ட அலுவலகத்தின்படியா? வரிக் காரணங்களுக்காகச் சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ பில் போடும் கம்பனிகள் உண்டு. அட்டவணையின் கீழே சிறிய எழுத்தில் இதற்கு ஒரு வரி இருக்கும். அது இல்லாவிட்டால் உங்கள் சதவீதத்தை நம்பிக் கடன் ஆவணத்தில் எதையும் எழுதாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், மூதூர்: சவூதியிலிருந்து கொண்டுவந்த குளிர்சாதனப் பெட்டி ஒரு வருடத்துக்குள் நின்றுவிட்டது. அதே கம்பனியின் பெட்டிகள் இங்கும் விற்பனையில் உள்ளன. உலகம் முழுக்க ஒரே கம்பனிதானே, ஏன் உத்தரவாதம் இல்லை என்கிறார்கள்?

பெயர் ஒன்றுதான், பெட்டி வேறு. பின்பக்கம் கொம்பிரசருக்குக் கிட்ட ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ற்று, 60 ஹேட்ஸ் என்று இருந்தால் உங்கள் விடை அங்கேயே இருக்கிறது. சவூதியின் மின்சாரம் 60 ஹேட்ஸ், இலங்கையினது 50.

சாதாரண கொம்பிரசர் மோட்டரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணை, அதாவது அந்த ஹேட்ஸ் எண்ணைப் பின்பற்றுகிறது. 60க்குச் செய்ததை 50இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். குளிர் எட்ட நேரம் கூடும், மோட்டர் ஓய்வின்றி ஓடும். இதைவிடக் கெடுதி வேறொன்று. வோல்ற்று குறையாமல் அலைவெண் மட்டும் குறைவதால், மோட்டரின் இரும்பு அகணிக்குள் காந்தப்பாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அகணி நிரம்பியதும் மின்னோட்டம் ஏறுகிறது, சுருள் சூடாகிறது, காவலி கருகுகிறது. மின்னழுத்தச் சீராக்கி (ஸ்டெபிலைசர்) வாங்கிப் போட்டாலும் தீராது. அது வோல்ற்றைத்தான் பிடிக்கும், அலைவெண்ணைத் தொடாது.

திருத்துபவரிடம் கேட்கவேண்டியது: அதே குளிர்வாயுவுக்கும் அதே கொள்ளளவுக்கும் உரிய 50 ஹேட்ஸ் கொம்பிரசர் கிடைக்குமா, விலை என்ன? புதுப் பெட்டியின் விலையில் பாதியை நெருங்கினால் விட்டுவிடுங்கள். இனி யாரும் கொண்டுவருவதானால் தகட்டில் "50/60 ஹேட்ஸ்" என்று இருக்கவேண்டும். இன்வேர்ட்டர் வகைகள் பெரும்பாலும் அப்படி இருக்கும், என்றாலும் தகட்டைப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம்.

உத்தரவாதம் தராததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான கம்பனிகள் உத்தரவாதத்தை நாட்டின்படியோ பிராந்தியத்தின்படியோ எழுதுகின்றன. இங்குள்ள முகவர், தான் இறக்குமதி செய்து விற்ற பெட்டிக்கு மட்டுமே உதிரிப்பாகம் வைத்திருக்கிறார். நீங்கள் வாங்கிய பெட்டியில் அவருக்கு ஒரு சதமும் வரவில்லை. உத்தரவாத அட்டையில் செல்லுபடியாகும் நாடுகளின் பெயர் இருக்கும். வாங்கும் கடையிலேயே அதை வாசித்துவிடுங்கள்.

லொறிச் சாரதி, சீனக்குடா: பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, ஐஓசி எண்ணெய்க் குதங்கள் எல்லாம் எங்கள் துறைமுகத்தைச் சுற்றியே இருக்கின்றன. இவை உலகக் கம்பனிகளா?

மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் அண்ணன். பிறிமா சிங்கப்பூர்க் கம்பனி. 1977இல் இலங்கை அரசுடன் உடன்படிக்கை செய்து இங்கு ஆலை அமைத்தது. கோதுமை சமுத்திரம் கடந்து வருகிறது, மாவோ உங்கள் லொறியில் ஏறி இந்தத் தீவுக்குள்ளேதான் போகிறது. இதற்குக் காரணம் பொருளின் குணம். முழுத் தானியம் ஈரமில்லாத சைலோவில் நீண்ட காலம் கிடக்கும். மா அப்படியல்ல, ஈரம் இழுக்கும், கட்டியாகும், வண்டு விழும். நூறு கிலோ கோதுமையில் ஏறக்குறைய 75 கிலோ மா வரும், மிச்சம் தவிடு கால்நடைத் தீனிக்குப் போகும். ஆகவே தானியத்தை மொத்தமாகக் கப்பலில் கொண்டுவந்து, சாப்பிடுபவருக்குக் கிட்ட வைத்து அரைப்பதே மலிவு. ஆழமான குடா வேண்டியது அந்த மொத்தக் கப்பலுக்குத்தான்.

சீமெந்தும் அதே கதை. சூளையில் சுட்ட சீமெந்து மூலப்பொருளான கிளிங்கர் கப்பலில் வருகிறது, ஏறக்குறைய ஐந்து சதவீதம் ஜிப்சம் சேர்த்து இங்கே அரைக்கிறார்கள். கிளிங்கர் உருண்டை ஈரத்தை ஓரளவு தாங்கும். அரைத்த பிறகு மூன்று மாதம் கிடந்தாலே பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடக்கூடும். பாரம் கூடிய, விலை குறைந்த பொருள் வேறு. லொறிக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். பெயரில் டோக்கியோ இருந்தாலும் அது 1982இல் ஜப்பானிய நிறுவனமொன்றின் கூட்டோடு தொடங்கிய இலங்கைக் கம்பனி.

மூன்றாவது சுத்தமான பிராந்தியக் கம்பனி. லங்கா ஐஓசியின் தாய்க் கம்பனி இந்தியன் ஒயில். அது எண்ணெய் சுத்திகரிப்பதும் விற்பதும் முதலில் இந்தியாவில், வெளியே எண்ணெய் விற்கும் துணைக் கம்பனி வைத்திருப்பது இலங்கை, மொரிசியஸ், ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற இந்து சமுத்திர நாடுகளில். இங்குள்ள 99 குதங்கள் பற்றி 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 14 ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். அந்தக் கூட்டில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐஓசிக்கு 49. எண்ணெய் விலையை உலகம் தீர்மானிக்கிறது. குதம் யாருக்கு என்பதை அயல்நாட்டு உறவு தீர்மானிக்கிறது.

பெண்கள் தையல் குழு, ஈச்சிலம்பற்று: நாங்கள் தைக்கும் துணிப்பைகளை இந்தியாவுக்கு வரிச்சலுகையுடன் அனுப்பலாம் என்றார்கள். துணி வெளிநாட்டுத் துணி. முடியுமா?

முடியலாம், கணக்குப் பார்த்துவிட்டுத்தான். இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச் 1இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த பொருளுக்கு, கப்பலில் ஏற்றும் வரையான விலையில் (எப்.ஓ.பி.) 35 சதவீதமாவது இலங்கையில் சேர்ந்த பெறுமதியாக இருக்கவேண்டும். இந்திய மூலப்பொருள் பாவித்தால் இலங்கைப் பங்கு 25 வரை இறங்கலாம், இரண்டும் கூட்டி 35 வரவேண்டும்.

பை ஒன்று 2,000 ரூபா என்று வையுங்கள். வெளிநாட்டுத் துணி, சிப், நூல் 1,200 ரூபா என்றால் உங்கள் பங்கு 800, அதாவது 40 சதவீதம். தேறும். அவை 1,400 என்றால் உங்கள் பங்கு 30 சதவீதம்தான், தேறாது. அந்த 1,400இல் 100 ரூபாவுக்கு இந்திய நூலும் சிப்பும் வாங்கியிருந்தால் 30உம் 5உம் கூட்டி 35, அப்போது தேறும். வாங்கிய ஒவ்வொரு பில்லையும் கோப்பில் வையுங்கள், பில் இல்லாத துணி முழுவதும் வெளிநாட்டுத் துணியாகவே கணிக்கப்படும்.

இன்னொரு நிபந்தனை, சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண்ணின் முதல் நான்கு இலக்கத்தில் துணியும் பையும் வேறுபடவேண்டும். வெட்டித் தைத்த பைக்கு அது பொருந்தும். வந்த பையை மடித்துப் பொதி கட்டி அனுப்பினால் பொருந்தாது. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழை வர்த்தகத் திணைக்களம் கொடுக்கிறது. சரக்கு போன பிறகு ஓடித் திரியாமல், அனுப்பும் முன்பே பொருளின் சுங்க இலக்கத்தைச் சொல்லிச் சலுகைப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெரிய கம்பனிகள் பிராந்தியத்துக்குள் சுருளுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ உடன்படிக்கையில் காருக்குத் தீர்வைவிலக்கு வேண்டுமானால் அதன் பெறுமதியில் 75 சதவீதம் அந்த மூன்று நாட்டுக்குள் உருவாகவேண்டும். முன்பு 62.5ஆக இருந்தது. கார்க் கம்பனி உதிரிப்பாகத்தை எங்கே வாங்குவது என்பதை அந்த ஓர் எண் முடிவு செய்துவிடுகிறது.

வளாக மாணவர், நிலாவெளி: பல்தேசியக் கம்பனியில் சேர்ந்தால் ஐரோப்பா, அமெரிக்கா போக வாய்ப்பிருக்குமா?

தம்பி, நேர்முகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பதவியில் இருப்பவர் எந்த நாட்டு மேலாளருக்கு அறிக்கை கொடுக்கிறார்?" மும்பை, சிங்கப்பூர், டுபாய் என்று விடை வரும். இடமாற்றம் அந்த வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் நடக்கும். இதைக் குறைவாக நினைக்காதீர்கள், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவருக்கு அந்த வட்டத்தில் மதிப்பு உண்டு.

மீன் வியாபாரி, கிண்ணியா: நான் சூரை மீன் கொடுக்கும் கொழும்புக் கம்பனி உலகம் முழுக்க அனுப்புகிறதாம். அப்படியானால் ஒரு சந்தை விழுந்தாலும் எனக்கு நட்டம் வராதுதானே?

வரும் ஐயா. பெட்டி புறப்படும் முன்பே அது எந்தப் பிராந்தியத்துக்கு என்று முடிவாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் மீனுடன் பிடிசான்றிதழ் போகவேண்டும், எந்தப் படகு, எந்தக் கடல், எந்த நாள் என்று. ஹிஸ்டமின் (குளிரில்லாமல் கிடந்த சூரை போன்ற மீனில் உண்டாகும் நச்சு) சோதனைக்கு ஒன்பது மாதிரி எடுப்பார்கள். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதிரி மட்டும் 100க்கும் 200க்கும் இடையில் இருக்கலாம், ஒன்று 200ஐத் தாண்டினாலும் முழுத் தொகுதியும் போச்சு. அமெரிக்காவின் எல்லை இதைவிட இறுக்கம். ஒரு சந்தைக்கு ஆயத்தமாக்கிய சரக்கை இரவோடிரவாக மற்றச் சந்தைக்குத் திருப்ப ஏலாது.

நடந்ததையே பாருங்கள். சட்டவிரோத ஆழ்கடல் மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனைத் தடை செய்தது, 2016 ஜூனில்தான் நீக்கியது. ஒழுங்காகப் பிடித்தவரின் மீனுக்கும் அந்த ஒன்றரை ஆண்டு ஐரோப்பாக் கதவு மூடியே இருந்தது.

கம்பனியிடம் கேளுங்கள்: கடந்த ஆண்டு ஏற்றியதில் எத்தனை பங்கு ஐரோப்பா, எத்தனை அமெரிக்கா, எத்தனை ஜப்பான்? ஒன்றே பாதிக்கு மேல் என்றால், உள்ளூர்ச் சந்தைக்கும் ஒரு பங்கை விட்டு வையுங்கள், கடனுக்கும் எல்லை போடுங்கள். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஐஸ். இந்த வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், குடல் எடுத்த வயிற்றுக்குள்ளும் நிரப்பவேண்டும், மீனின் நடுச்சதை 4 பாகைக்குக் கீழ் இறங்கவேண்டும். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டானால் பிறகு உறையவைத்தாலும் சமைத்தாலும் போகாது. கரையில் ஐஸ் இல்லாமல் கிடந்த இரண்டு மணி நேரம் ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் எண்ணாக வந்து நிற்கும்.